சுங்கை சிப்புட் பயணம்: அந்த ஜூன் 16க்கு நாலு நாள் முன்னாடி

வெள்ளி

கிள்ளான்லேர்ந்து கிளம்பறப்பவே சாயங்காலம் ஆயிடுச்சு, தஞ்சோங் மாலிம் கிட்ட நல்ல மழை, ஈப்போ தாண்டறப்ப இருட்டிப்போச்சு. சுங்கை சிப்புட்ல மாமா வீட்லதான் தங்கல். எல்லாரும் தூங்கியாச்சு. ஏன் இந்த ஊருக்கு வந்தேன்னு முதல்ல எழுதிடறேன்.

இந்த ஊரு பேரு மலேசியாவுல இடைநிலைப்பள்ளி போன எல்லாருக்கும் தெரியும். சரித்திர புத்தகத்துல ஒரு பத்தி வரும்: 1948 ஜூன் 16, சுங்கை சிப்புட், கம்யூனிஸ்ட்டுங்க மூணு வெள்ளைக்கார துரைங்கள சுட்டுக் கொன்னாங்க, அவசரகாலம் வந்துச்சு. சோதனையில கேள்வியா வரும், எழுதுவோம், மார்க் வாங்குவோம், அதோட மறந்துடுவோம்.

ஆனா எங்க தாத்தா இந்தப் பக்கத்து தோட்டத்துல ரப்பர் பால் வெட்டினவரு, அவரு துரைய சுட்டத பத்தி பேசி நான் கேட்டதே இல்ல. அவரு திரும்பத் திரும்ப சொன்னது ஒண்ணுதான், "அந்த வருஷம் சங்கத்த பூட்டிட்டானுங்க". சின்ன வயசுல அது எனக்குப் புரியல, ஏதோ ஆபிஸ் கதவ பூட்டுனாங்க போலன்னு நெனச்சிட்டேன். பெரியவளாகி படிக்க ஆரம்பிச்சப்பதான், தாத்தா சொன்னதும் புத்தகம் சொன்னதும் ஒரே மாசத்துல நடந்ததுன்னு தெரிஞ்சுது. அதுலயும் தாத்தா சொன்னதுதான் முதல்ல நடந்திருக்கு.

அதத்தான் இந்த ஊர்ல நடந்து பார்த்து எழுதணும்னு வந்திருக்கேன்.

சனி

காலைல பசியாறிட்டு மாமாவோட காருல எல்பில் தோட்டத்துப் பக்கம் போனோம். டவுன் கடைவீடுங்கள தாண்டினதும் ரெண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கற செம்பனைதான், கித்தா (ரப்பர்) மரம் அங்கங்க கொஞ்சம். மாமா சின்ன வயசுல இந்த ரோடு பூரா கித்தாவாம், விடிகாலைல பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கறது) ஆளுங்க போற சத்தம் கேட்டுத்தான் எழுந்திருப்பாங்களாம். இப்ப வேலை செய்யறவங்கள்ல நிறைய பேரு பங்களாதேஷ், இந்தோனேசியாக்காரங்க. நம்ம ஆளுங்கள்ல பாதி பேரு ஈப்போவுலயும் பினாங்கு ஃபேக்டரியிலயும் இருக்காங்க. வாரக் கடைசியில கோயில் திருவிழான்னாதான் வருவாங்க.

இங்கதான் அது நடந்தது. காலைல எட்டரை மணி வாக்குல சைக்கிள்ல வந்த மூணு பேரு, எல்பில் தோட்டத்து மேனேஜர் ஆர்தர் வாக்கர அவரு ஆபிஸ்லயே சுட்டாங்க. கொஞ்ச நேரத்துல பக்கத்துல இன்னொரு தோட்டத்துல ஜான் அலிசன்ங்கற மேனேஜரையும் அவருக்கு உதவியா இருந்த இயன் கிறிஸ்டியனையும் கட்டிவச்சு சுட்டாங்க. கிறிஸ்டியனுக்கு 21 வயசுதான். அத நெனச்சா மனசு கஷ்டமாத்தான் இருக்கு, எந்தக் காரணம் சொன்னாலும் அது கொலைதான். அன்னைக்கே பேராக்லயும் ஜொகூர்லயும் சில இடங்களுக்கு அவசரகாலம் அறிவிச்சாங்க, ரெண்டு நாள்ல மலாயா முழுக்க. 1960 ஜூலை 31 வரைக்கும் அது போச்சு, 12 வருஷம்.

மாமாவுக்குத் தெரிஞ்ச ஒரு பாட்டி, எண்பத்தஞ்சுக்கு மேல இருக்கும், லயத்த (தோட்டத்து வரிசை வீடு) விட்டு வந்து இப்ப மகன் வீட்ல இருக்காங்க. "பாட்டி, கம்னிஸ் காலம் ஞாபகம் இருக்கா"ன்னு கேட்டேன். "ஏன் இல்லாம, நல்லா இருக்கு, நீ மொதல்ல உக்காரு தாயி"ன்னு பக்கத்துல உக்கார வச்சிக்கிட்டாங்க.

அவங்க சொன்னத அப்படியே எழுதறேன். அப்ப லயம் தோட்டத்துக்குள்ள அங்கொண்ணு இங்கொண்ணா இருந்துச்சாம், காட்டு ஓரத்துல இருந்த லயத்த எல்லாம் காலி பண்ணச் சொல்லி ஆபிஸ் பக்கத்துல ஒரே எடமா கொண்டாந்து சுத்தி முள்வேலி போட்டுட்டாங்களாம், ஒரே கேட்டு, காலைல பால் வெட்டப் போறப்ப கேட்டுல நிக்க வச்சு சோதிப்பாங்களாம். சோறு கட்டிட்டு போகக்கூடாது, ஒரு புடி அரிசி மடியில இருந்தாலும் கம்னிஸுக்குக் கொடுக்கத்தான் கொண்டு போறன்னு புடிச்சிட்டுப் போயிடுவாங்க. அதனால வெறும் வயித்தோட மரம் வெட்டிட்டு திரும்பி வந்துதான் சாப்பாடு. பொம்பளைங்கள பொம்பள ஆளு தனியா தடவிப் பார்ப்பாங்களாம், "அது ஒண்ணுதான் தாயி எங்கம்மாவுக்கு பொறுக்கல, தெனம் அழுதுட்டே கேட்டு தாண்டும்"னாங்க. கடையில டின் பால் வாங்கினா கடைக்காரன் அங்கயே ஓட்ட போட்டுத்தான் கொடுப்பானாம், காட்டுக்குள்ள கொண்டு போய் சேத்து வைக்க முடியாதபடிக்கு.

காட்டோரத்துல இருந்த சீனர்ங்கள வேலி போட்ட புதுக்கிராமத்துக்கு மாத்துன கதை எல்லாருக்கும் தெரியும், பிரிக்ஸ் திட்டம், ஏறக்குறைய 5 லட்சம் பேரு, அதுக்குப் புத்தகம் இருக்கு, போட்டோ இருக்கு. லயத்த சுத்தி முள்வேலி போட்டதும் அதே திட்டத்தோட இன்னொரு பக்கம்தான், ஆனா நம்ம பிள்ளைங்கள்ல எத்தனை பேருக்கு அது தெரியும்?

பாட்டி இன்னொண்ணும் சொன்னாங்க. அவங்கப்பாவ வரிசையில நிக்க வச்சு போட்டோ எடுத்து, பெருவிரல் ரேகை வாங்கி, ஒரு அட்டை கொடுத்தாங்களாம். அப்பாரு அத சாமி படத்துக்குப் பின்னாடி வச்சிருந்தாராம். அதுதான் இன்னைக்கு நம்ம பர்ஸ்ல இருக்கிற ஐசி, அடையாள அட்டை. 12 வயசானா ஐசி எடுக்கணும்கற பழக்கம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு என்னைக்காச்சும் யோசிச்சிருக்கோமா? 1948ல, அவசரகால சட்டத்துலதான் ஆரம்பிச்சது, காட்டுல இருக்கிறவன் யாரு ஊர்ல இருக்கிறவன் யாருன்னு பிரிச்சுப் பார்க்கறதுக்காக. அவசரகாலம் முடிஞ்சு அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அட்டை மட்டும் நம்மகிட்டயே தங்கிடுச்சு. நாட்டோட சரித்திரம் மாறுன எடம்னா எனக்கு இதுவும் ஒண்ணு, ஆனா இத யாரும் அப்படி சொல்லித் தந்ததில்ல.

ஞாயிறு

இன்னைக்கு பத்துகாஜா போனோம். அங்க காட்ஸ் லிட்டில் ஏக்கர்னு ஒரு கல்லறை இருக்கு, அவசரகாலத்துல செத்த தோட்டத்து துரைங்க, போலீஸ், சோல்ஜர்ங்க, நூறு பேருக்கு மேல அங்க இருக்காங்க. வாக்கர், அலிசன், கிறிஸ்டியன் மூணு பேரும் அங்கதான். புல்லு வெட்டி சுத்தமா வச்சிருக்காங்க, வருஷா வருஷம் ஜூன் மாசம் மரியாதை செய்யறாங்க. நல்ல விஷயம், செத்தவங்கள மறக்காம இருக்கிறதுல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. அங்க நின்னப்ப எனக்கு சங்கத்துப் பக்கம் செத்தவங்க பேருங்களும் ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துச்சு, அதான் இன்னைக்குப் பதிவு கொஞ்சம் நீளமாப் போகும்.

தாத்தா சொன்ன மாதிரி தொழிற்சங்கத்த பூட்டுன நாள், ஜூன் 12க்கு வர்றேன்.

உலகச் சண்ட முடிஞ்சு 1945ல வெள்ளக்காரன் திரும்பி வந்தப்ப, ஜப்பான்காரன் நோட்டு எல்லாம் செல்லாதுன்னுட்டான். கையில மடியில சேத்து வச்சது ஒரே நாள்ல வெறும் காகிதம். அரிசி கெடைக்கல, கெடைச்சாலும் வாங்கற வெலையில்ல. ஜப்பான்காரன் சயாம்ல ரயில் பாதை போடறதுக்குப் புடிச்சிட்டுப் போன ஆளுங்கள்ல திரும்பி வந்தவங்க கொஞ்சம், வராதவங்க எத்தனையோ ஆயிரம். கூலி மட்டும் ஏறல. அந்த நேரத்துலதான் தோட்டத்துக்குத் தோட்டம் சங்கம் முளைச்சது. எல்லா சங்கமும் சேர்ந்த சம்மேளனம் ஒண்ணு இருந்துச்சு, அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனம், இரண்டரை லட்சத்துக்கு மேல உறுப்பினர் இருக்காங்கன்னு சொன்னாங்க. தமிழரும் சீனரும் ஒரே மேடையில, ஒரே கோரிக்கை. தலைவரு யாரு? எஸ்.ஏ. கணபதி, தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளு, நேதாஜி படையில இருந்தவரு. பேராக்ல தோட்டத் தொழிலாளர் சங்கத்த வளத்தவங்கள்ல முக்கியமானவரு ஆர்.ஜி. பாலன். கெடாவுல பீடோங் பக்கம் தொண்டர் படை, கள்ளுக்கடைய மூடச்சொல்லி மறியல், 1947ல போலீசோட மோதல், உயிர்ச்சேதம். இது எல்லாம் நம்ம ஆளுங்க.

கம்யூனிஸ்ட் கட்சியோட கை அந்த சம்மேளனத்துல பலமா இருந்துச்சு, அத மறைக்க வேண்டியதில்ல. ஆனா லயத்துலேர்ந்து சந்தா கட்டுன ஆளு மார்க்ஸ படிச்சிட்டுக் கட்டல, கூலி உயரணும், கங்காணி கையால அடி வாங்கக்கூடாதுன்னுதான் கட்டுனாரு. எங்க தாத்தா அப்படித்தான் கட்டியிருப்பாரு.

1948 மே கடைசியில தொழிற்சங்க சட்டத்துல திருத்தம் கொண்டு வந்து, ஜூன் 12ல அமல்படுத்துனாங்க. மூணே விஷயம். செயலாளரத் தவிர மத்த பொறுப்புல இருக்கிறவங்களுக்கு அந்தத் தொழில்ல மூணு வருஷ அனுபவம் வேணும். மிரட்டல், பணம் பறிப்பு மாதிரி சில குத்தத்துக்குத் தண்டனை வாங்கினவங்க பொறுப்புல இருக்கக்கூடாது. ஒரே தொழில் சார்ந்த சங்கங்கதான் சம்மேளனமா சேரலாம், பால் வெட்டறவனும் துறைமுகத்துல மூட்டை தூக்கறவனும் ஒண்ணா சேரக்கூடாது. படிக்கறப்ப நியாயமாத்தான் தெரியும். ஆனா தேதிய வச்சு கணக்குப் போட்டுப் பாருங்க. 1948லேர்ந்து மூணு வருஷம் பின்னாடி போனா 1945. அதுக்கு முன்னாடி ஜப்பான் காலம், தோட்டம் பாதி மூடிக் கெடந்துச்சு, ஆளுங்க சயாம்லயும் படையிலயும் இருந்தாங்க. சங்கம் நடத்தற தைரியம் இருந்த ஆளுங்கள்ல எத்தனை பேரு தொழில்ல மூணு வருஷம் காட்ட முடியும்? மூணாவது விதியில சம்மேளனமே போச்சு, பதிவு இல்ல, அடுத்த நாள்லேர்ந்து அது சட்டவிரோதம். பாலனும் அதுக்கு முன்னாடியே கைது.

நாலு நாள் கழிச்சுதான் எல்பில்ல துப்பாக்கி வெடிச்சது.

சங்கம் மூடுனதாலதான் துரைங்கள சுட்டாங்கன்னு நான் சொல்லல, காட்டுக்குப் போற முடிவ கட்சி அதுக்கு முன்னாடியே எடுக்க ஆரம்பிச்சிருச்சு, ஜூன் தொடக்கத்துல ஜொகூர் செகாமட் பக்கத்து தோட்டத்துல போலீஸ் அடிச்சு தொழிலாளிங்க செத்திருக்காங்க, ரெண்டு பக்கமும் நெருப்பு பத்திக்கிட்டுதான் இருந்துச்சு. நான் சொல்றது வேற. சட்டத்துக்கு உள்ள இருந்து கூலி கேக்கற வழி ஜூன் 12ல அடைஞ்சு போச்சு. 16 ஆம் தேதிக்கு அப்புறம் அந்த வழி அடைஞ்சத பத்தி கேள்வி கேக்கறதே கம்யூனிஸ்ட் பேச்சுன்னு ஆயிடுச்சு. எல்லாரும் 16ஐ திருப்புமுனைன்னு எழுதறாங்க, சத்தம் அங்க கேட்டதால. தோட்டத்துத் தமிழன் வாழ்க்கை திரும்புனது 12லன்னுதான் நான் நெனைக்கிறேன்.

கணபதி 1949ல ரவாங் பக்கத்துல கைதாகி, துப்பாக்கி வச்சிருந்தாருங்கற குத்தத்துக்கு அவசரகால சட்டத்துல தூக்குத் தண்டனை. நேரு அரசாங்கம் கேட்டும் வெள்ளக்காரன் விடல. 1949 மே 4, கோலாலம்பூர் புடு ஜெயில்ல தூக்குல போட்டாங்க. அதுக்கு முதல் நாள்தான் அவருக்கு அடுத்து சங்கத் தலைமையில இருந்த வீரசேனன சுட்டுக் கொன்னாங்க. அடுத்தடுத்த நாள்ல ரெண்டு பேரு. பத்துகாஜாவுல அந்த 21 வயசுப் பையன் கல்லு முன்னாடி நின்னப்ப, இவங்க ரெண்டு பேருக்கும் சேத்துதான் கும்பிட்டேன்.

1954ல தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் வந்துச்சு, அது வேற மாதிரி சங்கம், பேசித் தீர்க்கற சங்கம், நல்லதும் செஞ்சிருக்கு. ஆனா சீனத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே தலைமைக்குக் கீழ நின்ன அந்தக் காட்சி, அதுக்கப்புறம் அந்த அளவுல திரும்பி வரல.

திங்கள்

கோலகங்சார் போயிட்டு மத்தியானமே வந்துட்டோம். அங்க அரசாங்க ஆபிஸ் பக்கத்துல ஒரு பழைய கித்தா மரம், வேலி கட்டி போர்டு வச்சிருக்காங்க. 1877ல ஹியூ லோங்கற ரெசிடெண்ட் (வெள்ளக்கார அதிகாரி) நட்ட கன்னுங்கள்ல மிஞ்சினது. பிரேசில்லேர்ந்து விதை லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அங்கேர்ந்து சிங்கப்பூருக்கு 22 கன்னு வந்து, அதுல ஒம்பது இங்க. ஏறக்குறைய இருபது வருஷம் அத யாரும் பெருசா கண்டுக்கல, எல்லா துரைங்களும் காப்பி போட்டுட்டு இருந்தாங்க, பிரேசில் காப்பி வந்து வெலை விழுந்து, இங்க இலைநோயும் வந்ததுக்கு அப்புறம்தான் கித்தாவுக்குத் திரும்புனாங்க. காப்பி வெலை விழாம இருந்திருந்தா எங்க பூட்டன் நாகப்பட்டினத்துல கப்பல் ஏறியே இருக்க மாட்டாரு, இத்தனை தமிழங்க இந்த மண்ணுல இருந்திருப்போமாங்கறதே சந்தேகம்தான்.

மாமா மரத்தடியில நின்னு, "இதுதாம்மா நம்ம எல்லாரையும் கூட்டியாந்துச்சு"ன்னாரு. வெட்டுத் தழும்ப கையால தடவிப் பார்த்தாரு, முப்பது வருஷம் பால் வெட்டுன கை அது.

வர்ற வழியில எங்க ஊரு கதைய மாமாகிட்ட சொல்லிட்டு வந்தேன், அவருக்கு அது தெரியாது. 1941ல கிள்ளான் வட்டாரத்து தோட்டமெல்லாம் வேலைநிறுத்தம். ஆர்.எச். நாதன்னு ஒருத்தரு, கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். கோரிக்கை என்னன்னு பாருங்க: சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலி எங்களுக்கும் கொடு, பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் வேணும், மருந்து வேணும், கள்ளுக்கடைய மூடு, துரை எதிர்ல வந்தா சைக்கிள்லேர்ந்து எறங்கி நிக்கணும்கற வழக்கத்த நிறுத்து. சைக்கிள்லேர்ந்து எறங்க மாட்டோம்னு கேக்கறதுக்கு ஒரு வேலைநிறுத்தம்! நாதன கைது பண்ணி நாடு கடத்துனாங்க, மே மாசம் சிலாங்கூர்ல அவசரகாலம் அறிவிச்சு பட்டாளத்த எறக்குனாங்க, சுட்டதுல தொழிலாளிங்க செத்தாங்க. அதாவது 1948க்கு ஏழு வருஷம் முன்னாடியே ஒரு அவசரகாலம் வந்திருக்கு, கம்யூனிஸ்ட் காட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி, கூலி கேட்ட தமிழனுக்காக. கிள்ளான்ல பொறந்து வளந்த எனக்கே இத பள்ளிக்கூடத்துல யாரும் சொல்லல. மாமா கொஞ்ச நேரம் பேசாம ஓட்டிட்டு வந்தாரு, அப்புறம் "நாங்க எழுபதுலயும் கிராணி (தோட்டத்து கிளார்க்) வந்தா எறங்கிதாம்மா நின்னோம்"னாரு.

செவ்வாய்

கடைசி நாள். டவுன்லயே சுத்துனேன். மகாத்மா காந்தி கலாசாலைய வெளியிலேர்ந்து பார்த்தேன், 1954ல விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வச்ச பள்ளிக்கூடம், பிள்ளைங்க ஓய்வு நேரத்துல ஓடிட்டு இருந்தாங்க. கட்டுனது இந்த ஊர்ல பொறந்த துன் வீ.தி. சம்பந்தன்.

அவர பத்தி நெறைய பேரு மந்திரின்னு சொல்லுவாங்க, மெர்டேக்கா (சுதந்திரம்) சமயத்து தலைவருன்னு சொல்லுவாங்க. எனக்கு அவரு செஞ்சதுல பெருசுன்னு படறது 1960 மே 14. சுதந்திரத்த ஒட்டி வெள்ளக்கார கம்பெனிங்க தோட்டத்த வித்துட்டு கிளம்ப ஆரம்பிச்சாங்க, வாங்குன தரகருங்க துண்டு துண்டா போட்டு வித்தாங்க, 100 ஏக்கருக்குக் கீழ போனா அது எஸ்டேட் கணக்குலயே வராது, அப்ப லயம், பிள்ளைங்கள பாத்துக்கற ஆயாக்கொட்டகை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம்னு எதுக்கும் யாரும் பொறுப்பில்ல. தோட்டத்துண்டாடல்னு அத சொல்லுவாங்க. நேத்து வரைக்கும் வேலை, வீடு ரெண்டும் இருந்தவன் இன்னைக்கு ரெண்டும் இல்லாம ரோட்டுல. அப்பதான் இவரு தோட்டம் தோட்டமா போயி, மாசம் பத்து வெள்ளி (டாலர்) கட்டுங்க, நூறு வெள்ளி ஒரு பங்கு, நாமளே தோட்டம் வாங்குவோம்னு தேசிய நில நிதிக் கூட்டுறவு சங்கத்த ஆரம்பிச்சாரு. 1961ல கெடாவுல புக்கிட் சீடிம் தோட்டத்த வாங்குனாங்க. பால் வெட்டறவன் தோட்டத்துக்குப் பங்குதாரன்! எல்லாத்தையும் காப்பாத்த முடியல, துண்டானது துண்டானதுதான், ஆனா சங்கம் இன்னைக்கும் இருக்கு. மாமாவோட அப்பா பேருல ஒரு பங்கு ரசீது பீரோவுல இருக்கு, அத்தை எடுத்துக் காட்டுனாங்க, ஓரமெல்லாம் செல்லரிச்சிருக்கு, எழுத்து நல்லாத் தெரியுது. அத பிளாஸ்டிக் போட்டு வைங்க அத்தைன்னு சொல்லியிருக்கேன்.

அதே பீரோவுல இன்னொரு தாளும் இருந்துச்சு. குடியுரிமைப் பத்திரம், அத்தையோட அப்பாவோடது. மெர்டேக்கா ஆன முதல் ஒரு வருஷத்துக்குள்ள மனு போட்டவங்கள்ல பல பேருக்கு மலாய் மொழித் தேர்வு இல்லாமலே குடியுரிமை கெடைச்சது. ஒரே வருஷம். அத்தையோட அப்பா இருந்த தோட்டத்துல ஒரு வாத்தியாரு வீடு வீடா போயி பாரம் எழுதிக் கொடுத்தாராம். ஆத்துக்கு அந்தப் பக்கத்து தோட்டத்துல அப்படி எழுதிக் கொடுக்க ஆளில்ல, நமக்கெதுக்கு கடுதாசி, இங்கதானே இருக்கோம்னு விட்டுட்டாங்க. 1969ல குடியுரிமை இல்லாதவங்களுக்கு வேலைப் பெர்மிட் வேணும்னு வந்தப்ப, விட்டவங்கள்ல ஆயிரக்கணக்கான பேரு ரஜூலா கப்பல் ஏறி, கண்ணால பார்க்காத ஊருக்குத் "திரும்பிப்" போனாங்க. போகாம தங்கினவங்க குடியுரிமை இல்லாதவங்களுக்கான செவப்பு ஐசியோட, அவங்க பிள்ளைங்க பேரப்பிள்ளைங்க வரைக்கும் அந்தச் சிக்கல் வந்திருக்கு.

அத்தையோட சித்தப்பா அந்தப் பக்கத்து தோட்டம். 1970ல பினாங்கு துறைமுகத்துல அவர ஏத்திவிட்டுட்டு வந்ததுதான், அதுக்கப்புறம் ரெண்டு கடுதாசி வந்துச்சாம், திருச்சிப் பக்கம் ஏதோ கிராமம், அப்புறம் ஒண்ணும் இல்ல. அந்த ரெண்டு கடுதாசியையும் போட்டோ எடுத்து வச்சிருக்கேன், ஒண்ணுல ஊர் முத்திரை பாதி தெரியுது. வர்ற பொங்கலுக்கு நான் தமிழ்நாடு போறேன், விசாரிக்கச் சொல்லி அத்தை கேட்டுக்கிட்டாங்க, விசாரிக்கறேன்னு வாக்குக் கொடுத்துட்டு கிளம்பறேன்.